வந்த இடமும் போகும் இடமும்

இரண்டு பாஸ்போர்ட்டையும் கவுண்டரில் வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. நாலு வருடப் பழக்கம். எங்கே போனாலும் இரண்டும் என் சட்டையின் உள்பையில்தான் இருக்கும்.

கவுண்டர் பெண் நிமிரவில்லை. இரண்டையும் இயந்திரத்தில் தேய்த்தாள்.

"ரெண்டு பேர். மேடம் எங்கே?"

"டாய்லெட் போயிருக்காங்க" என்றேன்.

அச்சுப்பொறி இரண்டு போர்டிங் பாஸைத் துப்பியது. வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி இறந்து அன்றைக்குத் தொண்ணூற்று நாலு நாள்.

நான் லிஃப்ட் பரிசோதகன். கட்டடம் கட்டடமாகப் போய், கம்பிவடத்தையும் பிரேக்கையும் பார்த்து, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது வேலை. என் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். இதற்காகவே அலுவலகத்தில் எனக்குக் கெட்ட பெயர். அப்படிப்பட்டவன் அன்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்கான ரசீதையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். அங்கே அவளுக்கு 'மணிக்கணக்கு' என்று பட்டப்பெயர். விசா கிடைக்காதவர்களுக்கு விசா இல்லாமல் ஊர் சுற்றும் வழி கண்டுபிடித்துக் கொடுப்பதில் கில்லாடி. போன வருடம் எங்களுக்கே ஒரு வழி போட்டாள். மூன்று ஊர், நாலு பக்கத் திட்டம், எல்லாம் பென்சிலில்.

"நம்ம பாஸ்போர்ட்டைப் பார்த்தா எவனும் கதவைத் திறக்க மாட்டான்" என்றாள், சாப்பாட்டு மேசையில் காகிதத்தைப் பரப்பி. "ஆனா, உங்க வீட்டுக்கு வரல, இப்படியே அந்தப் பக்கம் போறோம்னு சொல்லிப் பாருங்க. சரி, கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்கன்னுவான்."

"எவ்வளவு நேரம்?"

"முதல் ஊர்ல இருபத்து நாலு மணி நேரம். ரெண்டாவதுல எழுபத்திரண்டு. மூணாவது இருக்கே, அதுதான் தங்கமான ஊரு. அங்கேயும் இருபத்து நாலுதான், ஆனா வந்து இறங்குற நாளைக் கணக்குலயே சேர்க்க மாட்டான். மறுநாள் பிறந்தாத்தான் கடிகாரம் ஓடும்."

"அப்போ இறங்குற நாள்?"

"அது யார் கணக்குலயும் வராது. இனாம்." கண்ணை விரித்தாள். "ஒரே ஒரு நிபந்தனை. வந்த இடத்துக்கே திரும்பிப் போகக் கூடாது. ஒரு இடத்துலேர்ந்து வரணும், வேற இடத்துக்குப் போகணும். இல்லைன்னா அது டிரான்சிட்டே கிடையாது."

"மீறிப் போய் நின்னா?"

"அடுத்த விமானத்துல ஏத்தி, வந்த இடத்துக்கே அனுப்பிடுவான். ஸ்டாம்ப் ஒட்டாத தபால் மாதிரி."

மூன்றாம் ஊரிலிருந்து எனக்கு வீட்டுக்கு டிக்கெட். அவளுக்கு நாலாவதாக ஓர் ஊருக்கு. அங்கே அவள் அலுவலகத்தின் பயிற்சி வகுப்பு.

"ரெண்டு நாள் நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்க. ஒண்ணும் செத்துப் போயிட மாட்டீங்க" என்றாள்.

அவள்தான் போனாள். காலை பதினொரு மணிக்கு, அலுவலக நாற்காலியில், மூளையில் ஒரு நரம்பு வெடித்து. நான் அப்போது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்றிருந்தேன். உள்ளே போனுக்கு சிக்னல் கிடையாது. நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. நான் எதையும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்வார்.

"மாப்பிள்ளை, தங்கச்சி டிக்கெட்டை ரத்து பண்ணியாச்சா?"

"பண்ணணும் மச்சான்."

"பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கணும். மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்துடுவாங்க. பத்து நிமிஷ வேலை."

"பார்க்கலாம்."

"மூணு மாசமா பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க. கண்ணு வலிக்கலையா?"

ரத்து செய்ய உட்கார்ந்தேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்று திரை கேட்டது. ஐந்து காரணங்கள். நாலாவது, பயணியின் மரணம். அதன் மேல் விரலைக் கொண்டு போனேன். பிறகு கணினியை மூடிவிட்டேன். அவள் டிக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு நான் போய் வருவது என்று முடிவானது அப்படித்தான்.

விமானத்தின் வாசலில் இரண்டு பாஸையும் நீட்டினேன்.

"இன்னொருத்தர்?"

"முன்னாடியே போயிட்டாங்க."

இயந்திரம் இரண்டு முறை பச்சை காட்டியது. பக்கத்து இருக்கை காலி. பணிப்பெண் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் ஊரில் குடியேற்ற அதிகாரியிடம் என் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தேன். இளைஞன். அரைகுறை ஆங்கிலம். முத்திரை குத்திவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கை காட்டி ஏதோ சொன்னான். உங்கள் மனைவி அங்கே காத்திருக்கிறார் என்று எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பெட்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. தவறாகக் கேட்டிருப்பேன் என்று வைத்துக்கொண்டேன்.

விடுதி அறையில் சட்டையைக் கழற்றும்போது உள்பையைக் காலி செய்தேன். அவள் பாஸ்போர்ட் தானாக நடுப்பக்கத்தில் திறந்தது. ஊதா மையில் வருகை முத்திரை. அந்தப் பக்கத்து ஊர்களில் நேரத்தையும் சேர்த்துக் குத்துவார்கள். எனக்கு 9.52. அவளுக்கு 9.41.

விரலால் தேய்த்துப் பார்த்தேன். மை ஒட்டியது.

குளித்துவிட்டு வந்தேன். தொலைக்காட்சியின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, வயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேசை விளக்கும் அப்படியே. போன் சார்ஜரும்.

அவளுக்கு இது ஒரு வியாதி. எந்த விடுதிக்குப் போனாலும் முதல் காரியம் எல்லாப் பிளக்கையும் பிடுங்குவது. ஊர் பேர் தெரியாத சுவரை நம்பித் தூங்க முடியாதாம். அதனால் விடியும்போது என் போன் எப்போதும் செத்துக் கிடக்கும். அதற்காகத்தான் எங்களுக்குள் பெரும்பாலான சண்டைகள்.

துப்புரவுப் பணியாளராக இருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு சார்ஜரைச் செருகினேன். விடிந்ததும் பார்த்தேன். போன் செத்திருந்தது.

இரண்டாம் ஊரில் மூன்று நாள். அங்கே நான் ஜாக்கிரதையாகிவிட்டேன். அவள் திட்டத்தில் எழுதியிருந்தபடியே நடந்தேன். எட்டரைக்குக் கிளம்பவும் என்றால் எட்டரை. ஏரிக்கரையில் முப்பது நிமிடம் என்றால் முப்பது. அவள் பாஸ்போர்ட்டில் அங்கேயும் முத்திரை விழுந்திருந்தது, எனக்கு ஆறு நிமிடம் முன்பு. முதல் ஊரில் பதினொன்று. இங்கே ஆறு. இடைவெளி குறைகிறது.

லிஃப்ட்காரன் மூளை. அளவு குறைந்துகொண்டே வந்தால் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடும். மூன்றாம் ஊரில் ஒன்றாக வந்து சேர்வோம். அங்கிருந்து அடுத்த விமானம் வீட்டுக்கு. அவள் டிக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டால் போதும். ஒரு பிசகும் இல்லாமல் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அவளை வீடு வரை கொண்டு வந்துவிடலாம். வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் பிறகு யார் என்ன செய்ய முடியும்?

இதை யாரிடமும் சொல்லவில்லை. மச்சான் போன் செய்தார்.

"ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்."

"குரல் தெளிவா இருக்கே. பரவாயில்லை, ஊர் மாத்தம் வேலை செய்யுது. அடுத்தது எந்த ஊரு?"

"நாளைக்கு மூணாவது ஊரு. ஒன்றரை நாள். அப்புறம் வீடு."

"சரி, வைக்கிறேன். அவளையும் பார்த்துப் பத்திரமா வரச் சொல்லுங்க."

பிறகு அவர் தொண்டையைச் செருமினார். "நாக்கு பாருங்க. பழக்கம்."

"பரவாயில்லை மச்சான். சொல்றேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

மூன்றாம் ஊரில் காலை ஏழு மணிக்கு இறங்கினோம். இறங்கினேன் என்று எழுதவேண்டும். வரிசையில் நிற்கும்போதே அவள் பாஸ்போர்ட்டைத் திறந்தேன். எண்களைப் பார்த்தேன். 7.24. சுவர்க் கடிகாரம் 7.23 காட்டியது. என் முறை வந்தது. எனக்கும் 7.24 குத்தினார்கள்.

அன்றைய நாள் யார் கணக்கிலும் வராத நாள்.

விடுதி வரவேற்பில் ஒரு சாவி கொடுத்தார்கள். "ரெண்டு சாவி உண்டுன்னு போட்டிருந்ததே?" என்றேன். இன்னொன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே என்றான் அந்த ஆள், நான் விளையாடுவதுபோலச் சிரித்து.

அறையில் யாரும் இல்லை. கட்டிலின் சுவரோரப் பக்கம் போர்வை லேசாக விலகியிருந்தது. அவள் எப்போதும் சுவரோரம். நான் இந்தப் பக்கம் படுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கணக்கு குழம்பிவிடும் என்று தோன்றியது.

பிற்பகலில் தெருவுக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்த தெரு. சைக்கிள் பழுது பார்க்கும் கடை, சாவி செய்யும் கடை, கண்ணாடி வெட்டும் கடை. கண்ணாடிக் கடையில் நிலைக்கண்ணாடிகளை வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த இடம் வந்ததும் சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டேன். என் இடது தோளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நடந்தேன். எதிரே வந்தவர்களும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர் விலகி, தொப்பியைத் தொட்டு, வழி விட்டார். எனக்கு அல்ல.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். மூலையில் சின்னக் குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. முனகல் நின்றது. பிறகு தொலைக்காட்சியின் சிவப்புப் புள்ளி அணைந்தது. பிறகு மேசை விளக்கு.

போன் என் தலைமாட்டில் சார்ஜரில் இருந்தது. அதன் வயர் லேசாக அசைந்தது.

"ஏய், அது இருக்கட்டும். காலையில எனக்கு வேணும்" என்றேன்.

வயர் அசைவது நின்றது.

தொண்ணூற்று நாலு நாளில் நான் அழவில்லை. பயணம் கிளம்பி ஆறாவது நாளாகிய அன்றும் அழவில்லை. தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் போனில் நூறு சதவீதம் இருந்தது. போர்வை இரண்டு பக்கமும் மடிக்கப்பட்டிருந்தது.

பதினொரு மணிக்கே விமான நிலையம் போய்விட்டேன். என் விமானம் மூன்று மணிக்கு. அவளுடையது இரண்டு இருபதுக்கு. டிரான்சிட் பயணிகளுக்கென்று ஒரு தனிக் கூடம். ஒரே ஒரு மேசை. நடுத்தர வயது அதிகாரி ஒருத்தி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தாள். இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்தேன்.

"இவங்க டிக்கெட் வேற ஊருக்கு இருக்கே" என்றாள்.

"அதை மாத்தணும். என்கூட வீட்டுக்கு வரணும்."

அவள் என்ன மொழி பேசினாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. எனக்குப் புரிந்தது.

"மாத்தலாம். இவங்க எங்கேர்ந்து வந்தாங்க?"

"என்கூடத்தான். போன ஊர்லேர்ந்து."

பக்கங்களைப் புரட்டி என் பக்கம் திருப்பினாள். முதல் ஊரின் ஊதா முத்திரை இல்லை. இரண்டாம் ஊரின் முத்திரை இல்லை. வெறும் பக்கங்கள். இந்த ஊர் முத்திரை மட்டும் இருந்தது, 7.24 என்று.

"இதுல அப்படி ஒண்ணும் இல்லையே. நேரா இங்கேதான் வந்திருக்காங்க."

"அப்படின்னா வீட்டிலேர்ந்து."

"வீட்டிலேர்ந்து வந்து வீட்டுக்கே போனா அது டிரான்சிட் இல்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதற்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன். "அனுமதி இல்லைன்னு எழுதிடுங்க. திருப்பி அனுப்பிடுங்க. சட்டப்படி வந்த இடத்துக்குத்தானே அனுப்பணும்?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன் தள்ளினாள். இரண்டே கட்டங்கள். வந்த இடம். போகும் இடம். அடியில், கூட வந்தவர் கையெழுத்து.

"ரெண்டுல ஒண்ணை நிரப்பிக் கையெழுத்துப் போடுங்க தம்பி. மேலே நிரப்புனா திருப்பி அனுப்புவோம். கீழே நிரப்புனா வழியனுப்புவோம்."

பேனாவை எடுத்து, மேல் கட்டத்தில் எங்கள் ஊரின் முதல் எழுத்தை எழுதினேன்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள். "நீங்க எழுதுற ஊருக்கு நாங்க அனுப்ப முடியாது. அவங்க உண்மையில எங்கேர்ந்து கிளம்பி வந்தாங்களோ அங்கேதான் அனுப்புவோம். அது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வீடுதான்."

"அவங்க வீட்டிலேர்ந்து கிளம்பினதைப் பார்த்தீங்களா?"

பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தேன்.

தொண்ணூற்று நாலு நாள் அவள் எங்கே இருந்தாள்? கட்டிலின் சுவரோரம் காலியாகத்தான் இருந்தது. வீட்டில் எந்தப் பிளக்கும் பிடுங்கப்படவில்லை, ஒரு நாள்கூட. அவள் அங்கே இல்லை. வேறு எங்கோ இருந்துதான் வந்திருக்கிறாள். அந்த இடம் எப்படி இருக்கும்? வெளிச்சம் உண்டா? உட்கார இடம் உண்டா? பதினொரு நிமிடத்தை ஆறாக்கி, ஆறை ஒன்றுமில்லாமல் ஆக்கி, எதைவிட்டு அப்படி என்னிடம் வந்து சேர்ந்தாள்? என் கையெழுத்தால் அவளை அங்கே திருப்பி அனுப்பலாம். நான் பார்க்காத இடத்துக்கு.

"ஒண்ணுமே எழுதாம விட்டா?"

"ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அது தாண்டிட்டா எங்கேயும் அனுப்ப முடியாது. இங்கேயே இருந்துக்க வேண்டியதுதான்."

அதிகாரியின் கண் என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். கூடத்தின் பெஞ்சுகளில் இருபது முப்பது பேர், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வரும்போதும் பார்த்தேன். விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் என்று நினைத்தேன். இப்போதுதான் கவனித்தேன். ஒருவர்கூடப் பலகையைப் பார்க்கவில்லை. ஒருவர்கூடப் போனைப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் மடியில் இருந்த பையின் கைப்பிடி உளுத்து உதிர்ந்திருந்தது.

"கூட வந்தவங்களுக்கு மனசு வரல" என்றாள் அதிகாரி. குற்றம் சொல்லும் குரல் இல்லை.

படிவத்தைத் திரும்பப் பார்த்தேன். கீழ்க் கட்டத்தில் ஏதோ இருந்தது. மெல்லிய சாம்பல் நிறம். சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. நாலாவது ஊரின் பெயர். கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்து இழுக்கும் அந்தக் கையெழுத்து.

"பென்சில்ல எழுதினா செல்லாதுன்னு சொன்னேன். கேட்கல" என்றாள் அதிகாரி. "அதுக்கு மேலேயே பேனாவால எழுதிடுங்க."

எழுதியவளை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை நாலு வருடம் பார்த்திருக்கிறேன். குளிர்பெட்டிக் கதவில், மின்கட்டண அட்டையின் பின்னால், நாலு பக்கத் திட்டத்தில். இந்தப் படிவத்தில் நான் சாட்சி சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

மேல் கட்டத்தில் எழுதிய ஓர் எழுத்தை அடித்தேன். அவள் எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டினேன். வாலையும் சுழித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவள் பாஸ்போர்ட்டில் புறப்பாட்டு முத்திரை விழுந்தது. என்னுடையதிலும் விழுந்தது. அதிகாரி இரண்டையும் என்னிடமே தந்தாள்.

"அவங்களுக்கு வேண்டாமா?"

"இனிமே கேட்க மாட்டாங்க."

என் வாசலுக்குப் போகும் வழியில்தான் அவள் வாசல். இரண்டு மணி. வரிசை முடியும் தறுவாயில் இருந்தது. கடைசியில் ஒரு குட்டையான பெண், மஞ்சள் பட்டைப் பை, கொண்டையில் செருகிய பென்சில். முதுகுதான் தெரிந்தது. மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள்.

கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை.

கடைசி நாள் காலையில் அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேன்" என்றாள். நான் பல் தேய்த்துக்கொண்டு "ம்" என்றேன். எங்களுக்குள் பேச்சு அத்தோடு முடிந்தது. இப்போது அவள் அதைச் சொல்லவில்லை. நான் நின்றேன். அவளுக்கு முன்னால் இருந்தவர் உள்ளே போனார். இயந்திரம் பச்சை காட்டியது. பிறகு வாசலில் யாரும் இல்லை. பணியாளர் கயிற்றைக் குறுக்கே மாட்டினார்.

ஊரில் இறங்கியபோது குடியேற்ற அதிகாரி என் முகத்தையும் திரையையும் பார்த்தார்.

"போகும்போது முன்பதிவுல ரெண்டு பேர் காட்டுது. ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தான்" என்றேன். "என் மனைவி இறந்துட்டாங்க."

முதல்முறையாக நானே என் வாயால் சொன்னேன். அவர் முத்திரை குத்தினார்.

வெளியே மச்சான் நின்றிருந்தார். பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இளைச்சுட்டீங்க. ஆனா ஆள் மாதிரி இருக்கீங்க." வண்டி நிறுத்தம் வரை நடந்தோம். வண்டியில் ஏறியதும் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இப்போ சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. அந்தப் பாஸ்போர்ட்டை நாளைக்காவது..."

உள்பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். வாங்கியவர் கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார். தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். வலது மேல் மூலை இல்லை. கத்தரியால் வெட்டியதுபோல் நேராக, சுத்தமாக.

"ஏற்கெனவே வெட்டியாச்சா? எங்கே கொடுத்து வெட்டினீங்க?"

"வழியில" என்றேன்.

அவர் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பினார். முன்பக்கத்தில் அவருடைய போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்த வயரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அது அசையவில்லை.